மெர்ஜ் செய்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேல்ஸ்ஃபோர்ஸ் அட்மின்களுக்கும், நிறுவனங்களில் வாடிக்கையாளர் பதிவுகளைத் துப்புரவு செய்யும் பொறுப்பில் இருக்கும் எல்லா நண்பர்களுக்கும்:

"டூப்ளிகேட் நிறைய சேர்ந்துபோச்சு, எல்லாத்தையும் மெர்ஜ் பண்ணிடுங்க" என்று மேலாளர் சொல்லாத நிறுவனம் இருக்காது. நிதியாண்டு முடிகிற நேரத்தில் இது இன்னும் உரக்கக் கேட்கும். நீங்களும் பொறுமையாக உட்கார்ந்து ஒரே ஆளுக்கு இருந்த இரண்டு, மூன்று பதிவுகளை ஒன்றாக்கியிருப்பீர்கள். சில நாள் கழித்து சர்வீஸ் பிரிவிலிருந்து அழைப்பு வரும். வாடிக்கையாளர் லைனில் காத்திருக்கிறார், அவருடைய பராமரிப்பு ஒப்பந்தம் திரையில் இல்லை. பழைய புகார்கள் இல்லை. போன மாதம் போட்ட பில் யார் பெயரிலும் இல்லை. பணம் கட்டிய மனிதரிடம் "உங்க பேர்ல எதுவுமே இல்லையே சார்" என்று சொல்ல வேண்டிய நிலை அந்த ஊழியருக்கு. இந்த மடலை எழுதுவது அந்த இரண்டு பேருக்காகவும்தான்.

இணைப்புகள் காணவில்லை என்று தெரிந்ததும் நம் கை தானாகச் செய்யத் துடிக்கும் காரியம், அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி மறுபடி கையால் கட்டுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முதலில் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மொத்தமாக மெர்ஜ் செய்யும் கருவி ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். இரவில் பில்லிங் மென்பொருளிலிருந்து தரவு வந்து விழும் இன்டிகிரேஷனையும், பொறுப்பானவர்களிடம் சொல்லி, நிறுத்தி வையுங்கள். என்ன நடந்தது என்பதற்கான தடயம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. ஓடுகிற ஒவ்வொரு வேலையும் அதில் கொஞ்சத்தை அழிக்கும்.

அடுத்து, நடந்தது உண்மையிலேயே மெர்ஜ்தானா என்று பாருங்கள். இதைக் கேட்டால் வியப்பாக இருக்கும். ஆனால் பாதி குழப்பம் இங்கேதான். சேல்ஸ்ஃபோர்ஸில் அக்கவுன்ட், கான்டாக்ட், லீட் ஆகியவற்றை ஒரு தடவைக்கு மூன்று பதிவுகள் வரை மெர்ஜ் செய்யலாம். எது மாஸ்டர் என்று நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள். மற்றவற்றின் கீழிருந்த ஆப்பர்ச்சூனிட்டி, கேஸ் போன்ற பிள்ளைப் பதிவுகள் மாஸ்டரின் கீழ் வந்து சேர்கின்றன. கரைந்த பதிவு ரீசைக்கிள் பின்னுக்குப் போகிறது. போகும்போது 'மாஸ்டர் ரெக்கார்ட் ஐடி' என்ற புலத்தில், அது எந்தப் பதிவுக்குள் கரைந்ததோ அதன் எண் எழுதப்படுகிறது. வீடு மாறிப் போனவர் பழைய வீட்டுக் கதவில் புது முகவரியை ஒட்டிவிட்டுப் போன மாதிரி. அந்தத் தாள் 15 நாள் ஒட்டியிருக்கும். ரீசைக்கிள் பின் நிரம்பி வழிந்தால் அதற்கு முன்பே போய்விடும்.

ஆனால் அவசரத்தில் பலர் செய்வது வேறு. ஒரு பதிவிலிருந்து போன் நம்பரையும் மின்னஞ்சலையும் இன்னொன்றில் எடுத்து எழுதிவிட்டு, பழையதை டெலிட் செய்துவிடுகிறார்கள். கேட்டால் "மெர்ஜ் பண்ணினேன்" என்றுதான் சொல்வார்கள். அவர்கள் மனதில் அது மெர்ஜ்தான். மென்பொருளுக்கு அப்படி இல்லை. தாய்ப் பதிவை டெலிட் செய்தால், கஸ்டம் லுக்கப் வழியாக அதைச் சுட்டிய பிள்ளைகளின் அந்தப் புலம் வழக்கமான அமைப்பில் வெற்றாகிவிடும். மாஸ்டர்-டீட்டெய்ல் உறவில் இருந்த பிள்ளைகள் தாயோடு சேர்ந்தே அழிந்துபோகும்.

இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது. டேட்டா லோடரில் 'எக்ஸ்போர்ட்' என்பதை விட்டுவிட்டு 'எக்ஸ்போர்ட் ஆல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ரீசைக்கிள் பின்னில் கிடப்பவையும் வந்துவிடும். டெலிட் ஆனவற்றில் மாஸ்டர் ரெக்கார்ட் ஐடி நிரம்பியிருந்தால் அது மெர்ஜ். காலியாக இருந்தால் யாரோ டெலிட் செய்தது. இந்தக் கோப்பை முதல் நாளே எடுத்து, தேதி போட்டு, பத்திரமான இடத்தில் வையுங்கள். 15 நாள் கழிந்தபின் இதே கோப்பை இப்படி எடுக்க முடியாது.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிரானது. டெலிட் ஆனதாக இருந்தால் உடனே ரீசைக்கிள் பின்னிலிருந்து மீட்டெடுங்கள். பிள்ளைகளின் வெற்றுப் புலங்களும் பழையபடி நிரம்பும், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அந்தப் புலத்தில் இதற்குள் யாரும் வேறு எதையும் நிரப்பியிருக்கக் கூடாது. நிரப்பிவிட்டால் சேல்ஸ்ஃபோர்ஸ் பழைய உறவைத் திருப்பித் தராது. கையால் கட்ட வேண்டாம் என்று மேலே கெஞ்சியதற்குக் காரணம் இதுதான். மெர்ஜ் ஆனதாக இருந்தால் மீட்டெடுத்துப் பயனில்லை. கரைந்த பதிவு வெறுங்கூடாகத் திரும்பி வரும். அதன் பிள்ளைகள் மாஸ்டரிடமே இருந்துவிடும். மெர்ஜுக்கு அன்டூ கிடையாது. மீட்ட கூட்டை வைத்துக்கொண்டு, ஒரு டூப்ளிகேட்டை மறுபடி உண்டாக்கிய நிலைதான் மிஞ்சும்.

இங்கே எக்செல் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். சேல்ஸ்ஃபோர்ஸ் ரிப்போர்ட்டிலிருந்து எடுக்கும் எண் 15 எழுத்து. அதில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. இரண்டு வாடிக்கையாளர்களின் எண்கள் ஓர் எழுத்தின் பெரிது சிறிது வேறுபாட்டால் மட்டும் பிரிந்திருக்கலாம். எக்செலின் விலுக்கப் அந்த வேறுபாட்டைப் பார்ப்பதே இல்லை. முதலில் கண்ணில் பட்டதைப் பொருத்தம் என்று எடுத்துக்கொள்ளும். இப்படிப் பொருத்திய கோப்பைத் திரும்ப ஏற்றினால், ஒருவருடைய ஒப்பந்தம் முன்பின் தெரியாத இன்னொருவர் பெயருக்குப் போய்விடும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. டேட்டா லோடர் தரும் 18 எழுத்து எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள். ரிப்போர்ட்டுதான் வேண்டுமென்றால் 'கேஸ்சேஃப்ஐடி' என்ற சார்பை வைத்து ஒரு ஃபார்முலா புலம் போட்டால் 18 எழுத்தும் கிடைக்கும்.

மெர்ஜ்தான் நடந்தது என்று உறுதியானால், காணாமல் போன ஒரு பிள்ளையை எடுத்து அதன் சொந்த எண்ணைக் கொண்டு நேரடியாகத் திறந்து பாருங்கள். அது மாஸ்டரின் கீழ் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் இணைப்பு எங்கும் போகவில்லை, பார்ப்பவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். மதுரைக் கிளை ஊழியர் பெயரில் இருந்த அக்கவுன்ட், சென்னை ஊழியர் பெயரில் இருந்ததற்குள் கரைந்திருக்கும். உரிமையாளரை வைத்து அனுமதி வகுத்திருக்கும் நிறுவனத்தில் மதுரைக்காரருக்கு இனி அது கண்ணில் படாது. ஷேரிங் விதியைச் சரிசெய்தால் தீரும் விஷயம். இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம்.

உண்மையான சிக்கல், கரைந்த எண் எழுத்தாக எழுதப்பட்டிருக்கும் இடங்களில் இருக்கிறது. மெர்ஜ் என்பது லுக்கப், மாஸ்டர்-டீட்டெய்ல் ஆகிய முறையான உறவுகளை மட்டும் அறியும். ஒரு டெக்ஸ்ட் புலத்தில் யாரோ பழைய வேலையில் எழுதி வைத்த அக்கவுன்ட் எண், மின்னஞ்சல் டெம்ப்ளேட்டில் ஒட்டிய சுட்டி, ஃப்ளோவுக்குள் நேரடியாகப் பதித்த எண் — இவை எதையும் அது தொடாது. தேடுவதற்கு ஒரு பிடி இருக்கிறது: அக்கவுன்ட் எண்கள் 001 என்றும் கான்டாக்ட் எண்கள் 003 என்றும் தொடங்கும். டெக்ஸ்ட் புலங்களில் இப்படித் தொடங்கும் மதிப்புகளை வடிகட்டி, முதல் நாள் எடுத்து வைத்த கோப்போடு ஒப்பிட்டால் உடைந்தவை வரிசையாக வந்து நிற்கும்.

இதைவிடப் பெரிய சேதம் வெளியே இருந்து வருகிறது. கோவையில் பம்ப்செட் செய்து விற்கும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். பில் போடுவது தனி ஈ.ஆர்.பி. மென்பொருளில். அதில் வாடிக்கையாளருக்கு ஒரு எண். அந்த எண்ணை சேல்ஸ்ஃபோர்ஸ் அக்கவுன்டில் ஒரு எக்ஸ்டர்னல் ஐடி புலத்தில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் இரவும் ஈ.ஆர்.பி.யிலிருந்து தரவு 'அப்சர்ட்' முறையில் வருகிறது. அதாவது இந்த எண் இருந்தால் திருத்து, இல்லையென்றால் புதிதாக உண்டாக்கு. ஈ.ஆர்.பி.யிலும் அந்த வாடிக்கையாளர் இரண்டு எண்களில் இருக்கிறார். இங்கே நீங்கள் இரண்டு அக்கவுன்டையும் மெர்ஜ் செய்கிறீர்கள். ஒரு புலத்தில் ஒரு மதிப்புதான் நிற்க முடியும். மாஸ்டரின் எண் நின்றது, மற்றது போயிற்று. அன்று இரவு ஈ.ஆர்.பி. போன எண்ணோடு வருகிறது. தேடுகிறது, இல்லை. புதிய அக்கவுன்டை உண்டாக்குகிறது. அடுத்த நாள் வரும் பில்களும் வாரன்டியும் அந்தப் புதிய அக்கவுன்டில் போய்ச் சேர்கின்றன. சர்வீஸ் ஊழியர் திறந்து பார்ப்பது மாஸ்டரை; அங்கே அந்த பில்கள் இல்லை. "மெர்ஜ் பண்ணினது திரும்ப வந்துடுச்சு" என்று மறுபடி மெர்ஜ் செய்கிறீர்கள். மறுபடி இரவு வருகிறது.

அப்சர்ட் முறை இல்லாமல் சேல்ஸ்ஃபோர்ஸ் எண்ணையே சேமித்து வைத்திருக்கும் மென்பொருள்களில் வேறு விதமாக வெடிக்கும். கரைந்த எண்ணைத் திருத்த முயன்று, 'என்டிட்டி இஸ் டெலிட்டட்' என்ற பிழையோடு நின்றுவிடும். உண்மையில் இது நல்லது. யாராவது பிழைப் பதிவேட்டைப் படித்தால் அன்றே தெரிந்துவிடும். படிக்கிறீர்களா என்பதுதான் என் கவலை. அறிக்கைகளுக்காகத் தனியே தரவுக் கிடங்கு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: பெரும்பாலும் அங்கே மெர்ஜ் என்ற செய்தி போவதில்லை, ஒரு வாடிக்கையாளர் டெலிட் ஆனார் என்ற செய்திதான் போகிறது. அவருடைய பழைய விற்பனை பெயரற்றதாகிவிடக்கூடும்.

இதற்கு நான் உறுதியாகப் பரிந்துரைக்கும் ஒரே கட்டமைப்பு இதுதான். வெளி எண்ணை அக்கவுன்டின் ஒரு புலத்தில் எழுதி வைக்காதீர்கள். 'மாற்று எண்' என்று ஒரு தனி ஆப்ஜெக்ட் உண்டாக்குங்கள். எந்த மென்பொருள், அதில் என்ன எண், எந்த அக்கவுன்ட் என்ற மூன்று புலங்கள் போதும். அக்கவுன்டை லுக்கப்பாக வையுங்கள். மெர்ஜ் நடக்கும்போது பிள்ளைகள் தாமாகவே மாஸ்டரிடம் வந்து சேர்கின்றன என்று பார்த்தோமே, இந்த எண்களும் பிள்ளைகளாக இருப்பதால் அவையும் வந்து சேரும். ஒரு அக்கவுன்டுக்கு இரண்டு ஈ.ஆர்.பி. எண்கள் இருப்பதில் அப்போது எந்தத் தடையும் இல்லை. இன்டிகிரேஷன் முதலில் இந்தப் பட்டியலில் எண்ணைத் தேடி, அங்கிருந்து அக்கவுன்டுக்குப் போகும்படி மாற்றச் சொல்லுங்கள். ஒரு டெவலப்பரின் நேரம் தேவைப்படும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

அதே டெவலப்பரிடம் இன்னொரு சிறு வேலையும் கேளுங்கள். கரைந்த சேல்ஸ்ஃபோர்ஸ் எண், மாஸ்டர் எண், யார் செய்தது, எப்போது ஆகியவற்றை ஒரு தனிப் பட்டியலில் நிரந்தரமாக எழுதி வைக்கும் ஒரு ஏபெக்ஸ் ட்ரிகர். டெலிட்டுக்குப் பின் ஓடும் ட்ரிகராக அது இருக்க வேண்டும். மாஸ்டர் ரெக்கார்ட் ஐடி அந்தக் கட்டத்தில்தான் நிரம்பியிருக்கும். ஃப்ளோவில் செய்துவிடலாம் என்று தோன்றும். டெலிட்டுக்கான ஃப்ளோ டெலிட்டுக்கு முன்பே ஓடிவிடுவதால் அதற்கு இந்த எண் தெரியாது. 'அ' என்பது 'ஆ'வில் கரைந்து, அடுத்த மாதம் 'ஆ' என்பது 'இ'யில் கரைவதும் உண்டு. ஆகவே அந்தப் பட்டியலில் தேடும்போது கடைசி மாஸ்டர் வரை பின்தொடர வேண்டும்.

ட்ரிகர் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். மெர்ஜால் இடம் மாறும் பிள்ளைகளின் மேல் ட்ரிகர்கள் ஓடுவதில்லை. வாடிக்கையாளரின் மொத்தக் கொள்முதல், நிலுவை, கடைசி சர்வீஸ் தேதி போன்றவற்றைச் சொந்த நிரல் எழுதிக் கணக்கிடுகிறவர்கள், மெர்ஜ் முடிந்ததும் மாஸ்டருக்கு அந்தக் கணக்கை ஒரு முறை மீண்டும் ஓட்ட வேண்டும். இல்லையென்றால் பில்கள் எல்லாம் கீழே இருக்க, மேலே தொகை பழையதாகவே இருக்கும்.

இனி, எதை மெர்ஜ் செய்யவே கூடாது என்பதைப் பற்றி. தமிழ்நாட்டில் வேலை செய்கிற நமக்கு இது மற்றவர்களைவிட முக்கியம். சேல்ஸ்ஃபோர்ஸில் கான்டாக்டுக்கும் லீடுக்கும் லாஸ்ட் நேம் கட்டாயம். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை. பதிவு செய்கிறவர் என்ன செய்வார்? இனிஷியலை அங்கே போடுவார், அப்பா பெயரைப் போடுவார், ஒரு புள்ளி வைப்பார், அல்லது அதே பெயரை இன்னொரு முறை அடிப்பார். ஒரே முருகன் நான்கு விதமாகப் பதிவாகிறார். வேறு வேறு முருகன்கள் ஒரே மாதிரி பதிவாகிறார்கள். இதோடு, ஒரு வீட்டில் எல்லாருக்கும் ஒரே மொபைல் எண்ணைக் கொடுப்பது நம் வழக்கம். எண்ணை மட்டும் நம்பி மெர்ஜ் செய்தால் அம்மாவின் ஒப்பந்தமும் மகனின் கடனும் ஒரே ஆளுடையதாகிவிடும்.

1969இல் ஐவன் ஃபெல்லெகியும் ஆலன் சன்டரும் பதிவுகளைப் பொருத்துவதற்கான கணிதத்தை வகுத்தபோது, முடிவுகளை மூன்றாகப் பிரித்தார்கள்: பொருந்துவது, பொருந்தாதது, பொருந்தக்கூடியது. மூன்றாவது வகை மனிதர் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது. நம் ஊர்ப் பெயர்களில் பெரும்பகுதி அந்த மூன்றாவது வகையில்தான் விழும். மொத்த மெர்ஜ் கருவிகளை ஓடவிடும்போது அந்த வகையை மனிதருக்கு விட்டுவிடுங்கள். தவறாக ஒன்றாக்கிய இரண்டு பேரைப் பிரிப்பது, விட்டுப்போன டூப்ளிகேட்டைப் பிறகு சேர்ப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

நிறுவனங்கள் விஷயத்தில் ஜிஎஸ்டி எண்ணைப் பாருங்கள். 15 இலக்கங்களில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, அடுத்த பத்து பான் எண். சென்னையிலும் பெங்களூரிலும் பதிவு பெற்ற ஒரே நிறுவனத்துக்கு 33 என்று தொடங்கும் ஓர் எண்ணும் 29 என்று தொடங்கும் ஓர் எண்ணும் இருக்கும். பெயர் ஒன்று, பான் ஒன்று, டூப்ளிகேட் போலவே தோன்றும். மெர்ஜ் செய்து ஒரு ஜிஎஸ்டி எண்ணை இழந்தால், பெங்களூர் கிளைக்குப் போன சரக்குக்கு சென்னை எண்ணில் பில் போகும். அவர்கள் உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெறுவதில் தகராறு வரும். தலைமை அக்கவுன்டுக்குக் கீழ் கிளைகளைத் தனித்தனி அக்கவுன்ட்களாக வைப்பதே சரி.

இன்னொரு புலத்தைப் பற்றி மிகுந்த அக்கறையோடு கேட்கிறேன். மெர்ஜ் திரையில் 'மின்னஞ்சல் வேண்டாம்', 'அழைக்க வேண்டாம்' என்ற டிக்குகள் இருக்கும். ஒரு பதிவில் டிக் இருந்து மற்றதில் இல்லையென்றால், எது மாஸ்டராக இருந்தாலும் டிக் உள்ளதையே தேர்ந்தெடுங்கள். 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையைத் தருகிறது. சட்டம் இல்லாவிட்டாலும், வேண்டாம் என்று ஒருவர் நம்மிடம் சொன்ன சொல் அது.

மற்ற மென்பொருள்களில் இருப்பவர்களும் இதே கேள்விகளை உங்கள் கருவியிடம் கேளுங்கள். மைக்ரோசாஃப்ட் டைனமிக்ஸ் 365இல் கரைந்த பதிவு அழிவதில்லை; செயலற்றதாகி, மாஸ்டரின் எண்ணோடு உள்ளேயே இருக்கும். மருத்துவமனை மென்பொருள்கள் இதில் இன்னும் முன்னே போய்விட்டன. எச்எல்7 தரத்தில் இரண்டு நோயாளிப் பதிவுகளை ஒன்றாக்கும்போது, கரைந்த எண்ணை ஏந்திச் செல்வதற்கென்றே 'எம்ஆர்ஜி' என்ற பகுதியோடு ஒரு செய்தி ஆய்வகத்துக்கும் எக்ஸ்ரே பிரிவுக்கும் போகும். புதிய எஃப்எச்ஐஆர் தரத்தில் பழைய நோயாளிப் பதிவு, தனக்குப் பதிலாக வந்தது எது என்று தானே சுட்டிக்கொண்டிருக்கும். ரத்தப் பரிசோதனை முடிவு தவறான ஆளுக்குப் போகக் கூடாது என்ற பயம் அங்கே அதைச் சாதித்தது. நம்மிடம் பம்ப்செட் வாங்கிய விவசாயிக்கும் அந்த அளவு கவனம் உரியதுதான்.

கடைசியாக, 15 நாள் ஏற்கெனவே கடந்துவிட்டவர்களுக்கு. கைவிட வேண்டாம். பல நிறுவனங்கள் சேல்ஸ்ஃபோர்ஸின் வாராந்தர டேட்டா எக்ஸ்போர்ட்டை எடுத்து எங்காவது போட்டு வைத்திருக்கும். மெர்ஜுக்கு முந்தைய கோப்பைத் தேடிப் பிடியுங்கள். அதிலிருந்து ஆப்பர்ச்சூனிட்டிகளையும் கேஸ்களையும் எடுத்து, அன்று அவை எந்த அக்கவுன்டின் கீழ் இருந்தன என்பதை இன்று எதன் கீழ் இருக்கின்றன என்பதோடு ஒப்பிடுங்கள். அன்றைய அக்கவுன்ட் இன்று இல்லாமல், அதன் பிள்ளைகள் எல்லாம் வேறோர் அக்கவுன்டின் கீழ் இருந்தால், அது இதற்குள்தான் கரைந்திருக்கிறது. அழிந்துபோன மாஸ்டர் ரெக்கார்ட் ஐடியைப் பிள்ளைகளே உங்களுக்குச் சொல்லிவிடும். அந்தப் பொருத்தத்தை 'மாற்று எண்' பட்டியலில் ஏற்றுங்கள், ஈ.ஆர்.பி. குழுவுக்கும் கொடுங்கள்.

பிள்ளையே இல்லாத அக்கவுன்ட்கள் சில மிஞ்சும். பெயர் ஒத்துப்போகிறது என்று அவற்றை ஊகித்துக் கட்டாதீர்கள். தனிப் பட்டியலாக சர்வீஸ் பிரிவிடம் கொடுத்து, அந்த அக்கவுன்டின் போன் நம்பரிலிருந்து வாடிக்கையாளர் அழைக்கும்போது அவரிடமே பில் நம்பர் கேட்டு உறுதி செய்யச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே இந்தப் பதிவுகளோடு நாளெல்லாம் இருக்கும் ஒருவர்